பல்லிக்குக் குளிரக் கூடாது

பெண் கேட்டு வந்தவன் கையில் இரண்டு பல்லியைக் கொடுத்து அனுப்பிய ஆள் உலகத்திலேயே எங்கள் சார் ஒருவராகத்தான் இருப்பார்.

சார் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பயாலஜி வாத்தியார். அவருடைய மகளும் நானும் திண்டுக்கல்லில் ஒரே காலேஜ், ஒரே கிளாஸ், லீவுக்கு ஒரே பஸ். மூன்று வருஷம் ஒரே பஸ்ஸில் மலை ஏறி இறங்கினால் என்ன நடக்குமோ அது நடந்தது. விஷயம் சார் காதுக்குப் போனதும், நானே போய்ப் பெண் கேட்டேன். என் பக்கம் இரண்டு ஓட்டை. ஒன்று, வேலை கிடையாது. இன்னொன்று, நாங்கள் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பல் ஏறி வந்த குடும்பம். அப்பாவுக்குப் பேரிக்காய்த் தோட்டத்தில் தினக்கூலி. சொந்தத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

டிசம்பர் தொடக்கத்தில் சார் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

"ஜுவாலஜிதான படிச்ச?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ் சார்."

"மார்க்கு நான் கேக்கல. கண்ணு ஆபரேஷனுக்கு மதுரைக்குப் போறேன். பாப்பா தொணைக்கு வருது. கிறிஸ்துமஸுக்குள்ள வந்துருவேன். அதுவரைக்கும் இது ரெண்டையும் பாத்துக்க. வந்து பாக்கும்போது உசுரோட இருந்துச்சுன்னா, நீ கேட்ட விஷயத்தப் பேசுவோம்."

"செத்துட்டா சார்?" எனக்கு வாய் சும்மா இருக்காது.

"செத்துட்டா, பேச என்ன இருக்கு?"

உள்ளேயிருந்து சாரின் மனைவி குரல் கொடுத்தார். நான் அவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவேன். "தம்பி, வெரசா எடுத்துட்டுப் போயிரு. இங்க கெடந்தா, இவரு பஸ் ஏறுன மறுநிமிசமே வெளக்கமாத்தால வழிச்சு வெளிய போட்டுருவேன்."

கீழே சமவெளியில் இருப்பவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அங்கே சுவருக்குச் சுவர் பல்லி. மேலே எங்கள் குளிரில் பல்லியைக் கண்ணால் காண்பதே அபூர்வம். மலையில் கொஞ்சம் கீழே, பண்ணைக்காட்டில் ஒரு காபி ஸ்டோரில், சாக்கு மூட்டைக்குப் பின்னாலிருந்து சார் இரண்டையும் பிடித்து வந்திருந்தார். அவற்றுக்கு வீடு கட்டியதும் அவரேதான். பழைய ஜன்னல் கண்ணாடிகள் நாலை ஒட்டி, மேலே கம்பி வலை போட்டு, ஒளிந்துகொள்ள யூகலிப்டஸ் பட்டை இரண்டு சாய்த்து வைத்திருந்தார். ஒரு மூலையில் மட்டும் நாற்பது வாட் பல்பு. அந்த மூலை சூடு, எதிர் மூலை குளிர்ச்சி. எது வேண்டுமோ அதுகளே போய்க்கொள்ளும்.

சாப்பாட்டுக்கும் சட்டம் இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், ஆளுக்கு ஒரு அந்துப்பூச்சி அல்லது ஒரு பாச்சை. அதன்மேல் முட்டை ஓட்டுத் தூள் ஒரு சிட்டிகை. தண்ணீரைக் கிண்ணத்தில் வைக்கக் கூடாது, கண்ணாடியில் தெளித்தால் நக்கிக்கொள்ளும். கடைசியாக, விரலை நீட்டி அவர் சொன்னது: "வயிறு வெளிய தள்ளக் கூடாது. லைட்டு எரியலன்னா ஒரு கொசுவக் கூடப் போடாத. மொதல்ல சூடு, அப்புறந்தான் சோறு."

தலையை ஆட்டினேன். சரியான கஞ்சம் என்று மனதுக்குள் நினைத்தேன்.

வீட்டில் அம்மா பெட்டியைப் பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டார். "என்னாங்க, இங்க வந்து பாருங்க. சிலோன்ல லயத்து வீட்டுல நம்ம தல மேல விழுந்த பல்லியத்தான் அங்கேயே விட்டுட்டு வந்தோம். இவன் பொட்டி கட்டி வளக்கிறான்."

அப்பா எட்டிப் பார்த்தார். "மருமகளக் கூட்டியாருவான்னு பாத்தேன். சம்பந்தக்காரங்கள மட்டும் அனுப்பிச்சிருக்காங்க போல."

ஆனால் நாலே நாளில் அம்மாதான் அதுகளுக்குத் தாயார் ஆனார். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு விளக்குக் கம்பத்தடியில் நின்று அந்துப்பூச்சி பிடித்துத் தீப்பெட்டியில் போட்டு நான் கொண்டுவருவேன். அம்மா பழைய ரவையில் நெளியும் புழுவைப் பொறுக்கி வைத்திருப்பார். பூச்சி பட்டைமேல் உட்காரும். பல்லி அசையாமல் பார்க்கும். வால் நுனி மட்டும் ஒரு துடிப்புத் துடிக்கும். அடுத்த நொடி பூச்சியின் இறக்கை மட்டும் வாய்க்கு வெளியே நிற்கும். இதைப் பார்க்க அம்மா அடுப்பைக்கூட விட்டுவிட்டு வருவார்.

"ஒட்டிப் போயிக் கெடக்கு பாவம். இன்னொண்ணு போடு."

"சாரு வேணாம்னாரும்மா."

"அவருக்கென்ன விளங்கும்? வந்த வீட்டுல வயிறு நெறையணுமா இல்லியா?"

எங்கள் வீட்டில் யார் வந்தாலும் முதல் கேள்வி, சாப்பிட்டியா. பல்லிக்கு மட்டும் தனி நியாயமா? ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது தினமும் என்று ஆனது. ஒன்று மூன்றானது. இரண்டும் மொழுமொழுவென்று ஆனதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. சார் வந்து பார்த்தால் அசந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது கடலில் புயல் கிளம்பி, மலைமேல் மழையும் காற்றுமாக அடித்தது. எங்கள் பக்கம் பெரிய யூகலிப்டஸ் மரம் ஒன்று கரண்டு கம்பி மேல் சாய்ந்தது. பல்பு அணைந்தது. அன்றைக்கென்று எனக்கு வெட்டுக்கிளி வசமாகச் சிக்கியிருந்தது.

"குளிருக்கு நல்லாத் தின்னட்டும். தின்னாத்தான் ஒடம்பு சூடு புடிக்கும்," என்றார் அம்மா. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பெட்டிக்குள் கொஞ்சம் வெதுவெதுப்பு மிச்சமிருந்ததால் இரண்டும் போட்டதையெல்லாம் தின்றன.

காலையில் பார்த்தால் இரண்டும் பட்டையோடு ஒட்டிக் கிடந்தன. தோல் கறுத்துவிட்டது. விரலால் தொட்டால் நகரவில்லை. வயிறு மட்டும் இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. குளிர் ரத்தப் பிராணிகளைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவன் நான். அதுகளுக்கு உடம்புச் சூடு சாப்பாட்டிலிருந்து வராது, வெளியிலிருந்துதான் வர வேண்டும். சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காது. செரிக்காதது வயிற்றுக்குள்ளேயே அழுகும். அழுகினால் அவ்வளவுதான். எழுதியதெல்லாம் பேப்பர் திருத்துகிறவருக்கு என்று நினைத்திருந்தேன். என் வீட்டுப் பல்லிக்கும் அதுதான் சட்டம் என்று தோன்றவே இல்லை.

கரண்டு ஆபீசுக்கு ஓடினேன். "மரத்த அறுக்கவே ரெண்டு நாளாகும். வெரசா வேணும்னா ரம்பத்த எடுத்துட்டு நீயே வா," என்றார் லைன்மேன். பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, காலுறையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். அது என் கண் முன்னாலேயே ஆறியது. சட்டைக்குள் போட்டு ஸ்வெட்டரை இழுத்து மூடிப் பார்த்தேன். அதுகளைவிட எனக்குத்தான் நடுக்கம் அதிகம். கடைசியில் அடுப்படிக்குத் தூக்கிப் போனேன். அம்மா கரண்டியோடு குறுக்கே நின்றார்.

"அடுப்புப் பக்கம் வேணாம். கொழம்புல விழுந்துச்சுன்னா குடும்பத்தோட ஆஸ்பத்திரி. அதுவும் போக, இந்தப் பொகையில நமக்கே மூச்சு முட்டுது. பாண் கடைக்குப் போயிப் பாரேன். அங்க அடுப்பு அணையுறதே இல்லியே." பாண் என்றால் எங்கள் வீட்டில் ரொட்டி. அம்மாவுக்குப் பேக்கரி இன்றைக்கும் பாண் கடைதான்.

அம்மா சொன்னது நல்ல யோசனை. அதன்மேல் நான் செய்த வேலைதான் கெட்டிக்காரத்தனம்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் எங்கள் ஊர்ப் பேக்கரிக்குப் போனவர்களுக்குத் தெரியும். வீட்டு வீட்டுக்குக் கேக் மாவைக் கலக்கி, பிஸ்கட் டின்னில் ஊற்றி, மேலே வெள்ளைத் துணி கட்டி, பேக்கரி விறகடுப்பில் வேகவைக்கக் கொண்டுவருவார்கள். அடுப்பை ஒட்டினாற்போல் ஒரு நீள மேடை உண்டு. டின்களெல்லாம் அதில்தான் வரிசையாக முறைக்குக் காத்திருக்கும். மாறிப்போகாமல் இருக்க ஆளுக்கொரு கலர் நூலைத் துணியில் முடிந்திருப்பார்கள்.

நானும் ஒரு பிஸ்கட் டின் எடுத்தேன். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டேன். உள்ளே பழைய கம்பளித் துண்டை விரித்து இரண்டையும் படுக்க வைத்து, மேலே வெள்ளைத் துணியும் கட்டினேன். பார்க்கிறவர்கள் கேக் என்றே நினைப்பார்கள், யாரும் திறக்க மாட்டார்கள் என்று எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன். பல்லி இருக்கிறது என்று தெரிந்தால் பேக்கரி வாசற்படியைக்கூட மிதிக்க விட மாட்டார்கள். பல்லி பட்ட சாப்பாடு விஷம் என்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

"அண்ணே, இத அந்தச் சொவரோரமா வச்சுக்கிறட்டா? லேசாச் சூடு பட்டாப் போதும்," என்றேன் பேக்கரி மாஸ்டரிடம்.

குளிரிலும் வேர்த்து ஊற்ற நின்றவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மாவு பொங்கணுமா? வையி, வையி. எடத்த அடைக்காத."

மேடையில் வைத்துவிட்டு எதிரே மைதா மூட்டைமேல் உட்கார்ந்தேன். பெஞ்சில் சால்வை போர்த்திய பெண்கள் ஏழெட்டுப் பேர். கதவு திறந்தது. கையில் டின்னோடு ஆன்ட்டி உள்ளே வந்தார். சிவப்பு நூல் கட்டிய டின்னை மேடையில் வைத்துவிட்டு, நேராக என் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"என்ன தம்பி, ஒங்க வீட்டுலயும் கேக்கா?"

எங்கள் வீட்டில் கேக் சுட்டதே கிடையாது. "ஆமா ஆன்ட்டி."

"பரவால்லியே. எத்தன முட்ட?"

"அம்மாவுக்குத்தான் தெரியும்."

"பல்லி எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு ஆன்ட்டி. ஜம்முனு இருக்கு."

"இருந்தாச் சரி. அவரு நாளைக்கு வர்றாரு. மழையில சரிஞ்ச ரோட்டச் சரி பண்ணிட்டாங்களாம்."

நாளைக்கு. ஆன்ட்டியிடம் பேசிக்கொண்டிருந்ததில் மேடையைக் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்க்கிறேன், மாஸ்டர் வெந்த டின்களை வெளியே இழுத்துவிட்டு, அடுத்த ஈட்டுக்கு வரிசையை அடுப்பு வாயை நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறார். நூல் இல்லாத என் டின்னும் அந்த வரிசையில் போய்க்கொண்டிருக்கிறது. முதல் டின்னின் துணியை அவிழ்த்தார். நீள மரத் துடுப்பில் ஏற்றினார். உள்ளே தள்ளினார். அடுத்து சிவப்பு நூல், ஆன்ட்டியுடையது. அதற்கடுத்தது என்னுடையது.

எழுந்து பாய்ந்தேன். "அண்ணே, என் டின்ன எடுத்துக்கிறேன்."

மாஸ்டர் துடுப்பைக் குறுக்கே நீட்டினார். "தொடாதப்பா! அடுப்புப் பக்கத்துல வந்தத ஆட்டுனா மாவு அமுங்கிரும். கூட இருக்குறதும் கெட்டுரும். தள்ளி நில்லு."

"இல்லண்ணே, அது வேகக் கூடாது."

"வேகக் கூடாதா? அப்புறம் இங்க எதுக்கு வந்த, குளிர் காயவா?"

உண்மை அதுதான். ஆனால் சொல்ல முடியுமா? "முட்ட... எங்கம்மா முட்ட ஊத்த மறந்துட்டாங்க."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ஒரு பெண் சால்வைக்குள்ளிருந்து சொன்னார்: "முட்ட ஊத்தாமக் கேக்கா? சிலோன் கேக்கு போலடி." எனக்குச் சுரீர் என்றது. பதிலுக்கு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க நாக்கு துடித்தது. அதற்குள் சிவப்பு நூல் டின் உள்ளே போய், மாஸ்டர் கை என் டின்னின் துணிமேல் வந்துவிட்டது.

அப்போதுதான் அது கேட்டது.

ச்சு, ச்சு, ச்சு, ச்சு.

சிரிப்பு நின்றது. ஆன்ட்டியின் கை தன்னால் நீண்டு, விரல் கணுவால் பெஞ்சை மூன்று தட்டுத் தட்டியது. பல்லி சொன்னால் தட்ட வேண்டும். ஞாயிறுதோறும் சர்ச்சில் முதல் வரிசையில் உட்காருகிறவருக்கும் அது கையிலேயே இருந்தது.

உயிரோடு இருக்கிறது! ஒன்றாவது இருக்கிறது! விடிந்ததிலிருந்து எனக்கு வந்த முதல் நல்ல செய்தி. அதே செய்திதான் என்னைத் தெருவில் நிறுத்தப் போகிறது.

"பல்லிடி!"

"எங்க? மேலயா? கூரையப் பாருங்க!"

"ஐயையோ, யாரு டின்னுல விழுந்துச்சோ! மாஸ்டர், எல்லாத்தையும் தொறந்து காட்டு."

மாஸ்டரின் முகம் மாவு நிறத்துக்கு வந்தது. ஒரு பல்லி கண்ணில் பட்டால் போதும், மேடையில் இருக்கிற அத்தனை மாவும் சாக்கடைக்குப் போகும். அடுத்த வருஷம் வரைக்கும் அந்தக் கடைப் பக்கம் ஒருவரும் வர மாட்டார்கள். "கொடைக்கானல்ல ஏதும்மா பல்லி? இந்தக் குளிர்ல அது பொழைக்குமா? ஈர வெறகும்மா. உள்ள வெடிக்குது. அந்தச் சத்தம்."

ச்சு, ச்சு, ச்சு.

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். ஆன்ட்டி மட்டும் கூரையைப் பார்க்கவில்லை. வருஷக்கணக்காக அவர் வீட்டு முன்னறையில் கேட்கிற சத்தம் அது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு நூல் இல்லாத டின்னைப் பார்த்தார். நான் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் செருப்பைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெளக்கமாறுகூட வேண்டாம். பல்லிகளும் போகும், நானும் போவேன்.

அவர் எழுந்து வந்தார். மாஸ்டரின் துடுப்பைப் புறங்கையால் விலக்கிவிட்டு, என் டின்னைத் தூக்கிச் சால்வைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது எங்க வீட்டு டின்னு. நான்தான் இந்தத் தம்பிகிட்டக் கொண்டாரச் சொன்னேன். முட்ட எங்க வீட்டுல கெடக்கு, போயி ஊத்திக் கொண்டாரோம்." பெண்கள் பக்கம் திரும்பினார். "மாஸ்டர்தான் சொல்றாருல்ல, ஈர வெறகுன்னு. உக்காருங்க."

"அப்ப நீங்க எதுக்கு பெஞ்சத் தட்டுனீங்க?" என்றார் சிலோன் கேக் பெண்.

"கை மரத்துப் போச்சு, தட்டுனேன். வாங்க தம்பி."

வெளியே பத்தடிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாத மூடுபனி. ஏரிப் பக்கம் திரும்புகிற வளைவு வரைக்கும் அவர் விடுவிடுவென்று நடந்தார். பிறகு நின்றார்.

"ஏலே."

அதுவரை நான் தம்பி.

"ஒன் மண்டைக்குள்ள என்னதான் இருக்கு? ஊரு கேக்குக்கு நடுவுல பல்லியக் கொண்டாந்து வச்சிருக்க! அந்த மனுசன் கட தெருவுக்கு வந்துருக்கும். உள்ள தள்ளியிருந்தா இந்த ரெண்டும் கருகியிருக்கும்."

"கரண்டு இல்ல ஆன்ட்டி. சாருக்கு..."

"சாருக்காகவா இந்தப் பாடு? எம் பொண்ணுக்காக. நாளைக்கு அவளையும் இப்பிடி ஒரு டப்பாவுல வச்சு, சூடு எங்க கெடைக்கும்னு கட கடயாத் தூக்கிட்டுப் போவியா?"

எனக்கு வாய் சும்மா இருக்காது என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்கு இருந்தது.

"எப்பத் தீனி போட்ட?"

"கரண்டு போனதுக்கு அப்புறம். நெறையப் போட்டுட்டேன் ஆன்ட்டி. வயிறு வீங்கிக் கெடக்கு. சூடு குடுக்கலன்னா உள்ளயே அழுகிரும்."

அவர் டின்னைச் சால்வைக்குள் இன்னும் இழுத்து அணைத்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டார். நான் பின்னால் ஓடினேன்.

அவர் வீட்டு அடுப்படியில் புகைபோக்கி வைத்த விறகடுப்பு. அதன் பக்கவாட்டில் ஒரு முக்காலியைப் போட்டு டின்னை வைத்தார். "தொறக்காத. எனக்குப் பாத்தா ஒடம்பு கூசும்." சொல்லிவிட்டு, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை புறங்கையை டின்மேல் வைத்துப் பார்த்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி. சூடு ஏறினால் முக்காலியைக் காலால் ஒரு சாண் தள்ளுவார். இறங்கினால் என்னைப் பார்ப்பார். நான் கொல்லைக்கு ஓடி விறகு பிளப்பேன். காலேஜில் படித்த கை. உள்ளங்கை உரிந்துவிட்டது.

சாயங்காலம் மூடியை ஒரு விரல்கடை தூக்கிப் பார்த்தேன். ஒன்று தலையைத் தூக்கி, நாக்கை நீட்டித் தன் கண்ணையே நக்கியது. மற்றது நகரவில்லை. உற்றுப் பார்த்தேன். கம்பளித் துண்டின் மேல், அதன் வாலுக்குப் பின்னால், கறுப்பாக, நுனியில் வெள்ளைப் பொட்டு வைத்த ஒரு எச்சம். புதுசு. ஈரம் காயாதது.

"என்னலே சிரிக்கிற?"

"வெளிக்கிப் போயிருச்சு ஆன்ட்டி! செரிக்குது!"

"ஸ்தோத்திரம்," என்று கையைத் தூக்கினார். எதற்குத் தூக்கினோம் என்று உறைத்ததும் சட்டென்று கீழே போட்டுக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் சார் வந்தார். ஒரு கண்ணில் பச்சைத் துணி, மற்றதில் கறுப்புக் கண்ணாடி. மகள் அவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். நான் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு அவள் முகம் கேள்வியாகவே நின்றது. தலையெல்லாம் விறகுத் தூள், கையில் கோடாரி.

"யாரு, அவனா?" என்றார் சார். "ரெண்டும் இருக்கா?"

"இருக்கு சார்."

"ஒன்னக் கேக்கல." நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பார்வையும் இன்னும் தெளியவில்லை. மனைவி நின்ற திசைக்கு முகத்தைத் திருப்பினார். "நீ சொல்லு. எப்பிடிப் பாத்துக்கிட்டான்?"

ஆன்ட்டி அடுப்பில் ஒரு கட்டையை நகர்த்தி வைத்தார். பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் மகள் தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒழுங்காப் பாத்துக்கல," என்றார் ஆன்ட்டி.

நான் கோடாரியைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

"சோத்த அள்ளி அள்ளிப் போட்டுக் கொல்லப் பாத்தான். நீங்க வேணாம்னு சொன்னதத்தான் மொதல்ல செஞ்சிருக்கான். ஒரு பொய்யாவது ஒழுங்காச் சொல்லத் தெரியுதா, அதுவும் இல்ல. ஊரே இவனப் பாத்துச் சிரிச்சுச்சு." நிறுத்தினார். "ஆனா கீழ போட்டுட்டு ஓடல. ஏச்சு வாங்குனான், நின்னான். நேத்துலருந்து வெறகு பொளந்துட்டுக் கெடக்கான்."

"அப்ப என்ன சொல்ற?"

"அவங்க அம்மா அப்பாவ வரச் சொல்லுங்க. பேசுவோம்."

சார் என் பக்கம் கையை நீட்டினார், எதையோ கேட்பது மாதிரி. "கரண்டு வந்துருச்சா?"

"இன்னும் இல்ல சார்."

"அப்ப இருக்குற வெறகு காணாது. இன்னும் கொஞ்சம் பொளந்து வச்சுட்டு, வீட்டுக்குப் போயி அவங்களக் கூட்டிட்டு வா."

நான் கொல்லைக்குப் போனேன். கையில் கொப்புளம் உடைந்திருந்தது. பிடி வழுக்கியது. அடுப்படியில் சார் மகளிடம் கேட்பது காதில் விழுந்தது: "மூடியத் தொறந்து சொல்லு பாப்பா. வயிறு எப்பிடி இருக்கு?"